ஷேடு ஓகே என்று நானே நிறுத்திய மாத்திரை

திருப்பூரில் காலை ஆறரை மணிக்கு டீ வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். "ஏனுங்க மாஸ்டர், எங்க மேல எதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்பார்கள். நான் வேலை பார்க்கும் சாய ஆலை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் இரண்டு வருடமாக இதே கேள்வியை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறார். ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அதன் பிறகு ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லியாயிற்று. "ஆமாங்க, ஆமாங்க" என்று முழுவதையும் கேட்டுக்கொள்வார். பிறகு, "சரிங்க, அப்ப அரை டீ மட்டும் போடட்டுங்களா?" என்பார். நம்ம ஊராக இருந்தால், "வேண்டாம்னா போவும்வே" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருப்பார்கள். இங்கே ஒரு டீயை மறுத்து முடிக்கவே நேரம் பிடிக்கிறது. எனக்கும் அந்த ஒரு மணி நேரம் கழிந்தாக வேண்டுமே, அதனால் நின்று மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துக் கிராமத்துக்காரன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையும் மாமா எழுதிக் கொடுத்த விலாசமுமாக இங்கே வந்து இறங்கினேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இங்கேதான் கிடக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சாய ஆலையில் இப்போது என் வேலை தலையாட்டுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பையர், அதாவது துணி வாங்குகிறவர், ஒப்புக்கொண்ட நிறத்தில் ஒரு துணித்துண்டு என் கையில் இருக்கும். மெஷினுக்குள் நூற்றுக்கணக்கான கிலோ பனியன் துணி சாயத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி, அலசி, காயவைத்து, லேப் என்கிற சோதனை அறையில் உள்ள விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பேன். பெட்டியில் பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று தனித்தனி பட்டன் உண்டு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி இன்னொரு வெளிச்சத்தில் அண்ணன் தம்பிகூட இல்லை என்று சொல்லிவிடும். பையர் எந்த வெளிச்சத்தைச் சொல்லியிருக்கிறாரோ அதில் பொருந்தினால் தலையாட்டி "ஷேடு ஓகே" என்பேன். சாயத் தண்ணீரை வடியத் திறந்து விடுவார்கள். அதற்கு மேல் ஒரு சிட்டிகை சாயம் போட்டாலும் குற்றம். இந்தக் கண்ணும் இந்தத் தலையாட்டலும்தான் எனக்கு இந்த ஊரில் உள்ள ஒரே ஆதாரம். இது போனால் திருப்பூரில் எனக்கு இடம் இல்லை. ஊரில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக் கொடுத்தாயிற்று, பனை ஏறவும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குக் குளிர ஆரம்பித்தது. சாய ஆலை என்றால் கொதிக்கும் தண்ணீரும் நீராவியும்தான். மற்றவர்கள் பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிற இடத்தில், நான் ஏற்றுமதியில் கழிந்த தடித்த ஸ்வெட்ஷர்ட் ஒன்றைத் தலைமூடியோடு மாட்டிக்கொண்டு நின்றேன். நெஞ்சில் பனிச்சறுக்கும் கரடிப் படம் வேறு. மெஷின் ஆபரேட்டர் மனோஜ் பீகார்க்காரர், என் வயதுதான். என்னைப் பார்த்து மேலே கையைக் காட்டி, "மாஸ்டர்ஜி, பர்ஃப் கிர் ரஹா ஹை க்யா?" என்றார், பனி கொட்டுகிறதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் சோம்பலாக இருந்தது. முகம் ஊதிவிட்டது, குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி ஆனது, எடை ஏறியது, உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். என் மனைவி எஸ்தர், "ஆராதனையில பாஸ்டர் ஜெபம் பண்ணையில குறட்டை விடுதிய, மானம் போவுது" என்று சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தைராய்டு டாக்டரின் வரவேற்பறையில் நான் ஒருவன்தான் ஆண். நர்ஸம்மா என் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எஸ்தரை எடை மெஷினில் ஏறச் சொன்னார். "அவங்களுக்கு இல்லீங்க, எனக்குங்க" என்றேன். "அப்படீங்களா, பரவால்லீங்க" என்று ஆறுதல் சொன்னார். தைராய்டு சுரப்பு குறையக் குறைய ரத்தத்தில் ஏறுமாம் டி.எஸ்.எச்., அது எகிறிக் கிடந்தது, ஆன்டிபாடி அதைவிட. டாக்டர் இரண்டே நிமிடத்தில் விஷயத்தை முடித்தார். "உங்க உடம்போட காவல்படையே உங்க தைராய்டை வெளியாள்னு நினைச்சு அடிக்குது. அதனால சுரப்பு குறைஞ்சு போச்சு. குறையறதை மாத்திரையாக் குடுக்கறோம். தினமும் சாப்பிடணும்." பதினெட்டு வருடத்தில் திருப்பூரில் ஒருவர்கூட என்னை முகத்துக்கு நேராக வெளியாள் என்று சொன்னதில்லை. கடைசியில் என் கழுத்துக்குள்ளேயே சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு போன் போட்டால் அண்ணன், "தைராய்டா? அது பொம்பளையளுக்குல்லாலே வரும்!" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். அதனால் ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாயு என்று சொன்னேன். வாயுவில் ஒரு ஆண்மை இருப்பதாக எனக்கு நினைப்பு.

மாத்திரை வேலை செய்யத்தான் செய்தது. குளிர் விட்டது, கரடியைத் துவைத்து மடித்து வைத்தேன். ஆனால் வயிறு கல்லாகவே இருந்தது, தூக்கமும் சரிப்படவில்லை. எஸ்தர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா, திருமுருகன்பூண்டியில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவைச் சொன்னார். அந்த வழியெங்கும் சிற்பப் பட்டறைகள். முகம் செதுக்காத சாமிகள் சாலையோரம் வரிசையாக நிற்க, கிறிஸ்து வேதக்காரனான நான் மலச்சிக்கலுக்கு மருந்து தேடி அவற்றைத் தாண்டிப் போனேன். டாக்டரம்மா அறையிலும் உளிச் சத்தம் டங் டங்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் என்னை விசாரித்தார். பசி எப்போது வரும், தூக்கம் எத்தனை மணிக்குக் கலையும், காலையில் எத்தனை தடவை, என்ன நிறம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் கேட்டார். என் ஆயுளில் என் வயிற்றைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய்விட்டேன்.

மருந்து எழுதும்போது அவர் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "அந்த மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திப்போடாதீங்க. கூட்டறதும் கொறைக்கறதும் அந்த டாக்டர் சொன்னாத்தானுங்க. நம்ம மருந்து உங்க செரிமானத்துக்கும் தூக்கத்துக்குமுங்க. ரெண்டுக்கும் நடுவுல மூணு மணி நேரம் விட்டுருங்க. என்னென்ன சாப்புடறீங்கன்னு ரெண்டு பக்கமும் சொல்லிப்போடுங்க." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? ஆனால் சிரித்த முகத்தோடு, இத்தனை 'ங்க' போட்டுச் சொன்னார். அதை நான் உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். நம்ம ஊரில் உத்தரவு என்றால் அதில் சத்தம் இருக்கும். சின்ன வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பார்த்த வைத்தியர், "எண்ணெய்ப் பலகாரத்தத் தொட்ட, பாடையிலதாம்ல போவ, மூதி" என்றார். ஆறு மாதம் வடைக்கடை இருக்கும் தெரு வழியாகவே நான் போகவில்லை. ஏசினால்தான் எங்களுக்கு ஏறும். கும்பிட்டுச் சொன்னால் ஏறாது.

காலையில் மாத்திரை, பத்து மணிக்குக் கஷாயம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சூரணம் என்று போனது. டாக்டரம்மா சொன்னபடி ராத்திரித் தயிரை விட்டேன், நடந்தேன். மூன்று மாதத்தில் வயிறு இளகியது, தூக்கம் வந்தது, ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். நார்மல். இங்கேதான் என் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி என்னையறியாமல் தலையாட்டினேன். ஷேடு ஓகே. ஷேடு வந்த பிறகு எவனாவது சாயம் போடுவானா? வருடக்கணக்காக, நிறம் பொருந்தியதும் நிறுத்து நிறுத்து என்று கத்திப் பழகிய ஆள் நான். அந்த நார்மலை எது கொண்டுவந்தது என்றும் நானே தீர்ப்பு எழுதினேன். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, இரண்டு சாயத்தை ஒரே நேரத்தில் கூட்டாதே, கூட்டினால் எது நிறத்தைத் திருப்பியது என்று தெரியாது என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம். கஷாயத்துக்கு வாசனை இருக்கிறது, கசப்பு இருக்கிறது, தொண்டையில் இறங்கும்போதே வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. மாத்திரைக்கு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் பேசிய டாக்டர் ஜெயித்தார், இரண்டு நிமிடம் பேசியவர் தோற்றார். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

எஸ்தருக்குத் தெரிந்தால் விடமாட்டாள். அதனால் தினமும் ஆறு மணிக்கு அவள் பார்க்க டப்பாவைத் திறந்து, மாத்திரையை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தூர எறிந்திருக்கலாம். கை வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு மெஷின் துணி, ஒரு லாட், முடிந்ததும் ஒரு துண்டை வெட்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி வைத்துவிடுவோம், நாளைக்குப் புகார் வந்தால் எடுத்துக் காட்ட. அந்தப் பழக்கம். லேபில் என் டிராயரில் ஒரு கவர் போட்டு, மேலே தேதி எழுதி, தினமும் ஒரு மாத்திரையாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். தப்பு செய்கிறவன் தனக்கு எதிராகத் தானே சாட்சி சேகரித்து வைப்பதைத் திருப்பூரில்தான் பார்க்க முடியும்.

இரண்டு மாதம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் கரடி மறுபடி வெளியே வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நழுவியது. ஒருநாள் பகலில், சாம்பல் கலந்த பச்சை நிற லாட் ஒன்று. பையர் கடை வெளிச்சம் கேட்டிருந்தார். எனக்கு முன்னால் யாரோ பகல் விளக்கைப் போட்டு வைத்திருக்க, நான் பட்டனைப் பார்க்கவே இல்லை. இரண்டு துண்டையும் வைத்தேன், பொருந்தியது. சாம்பிளைக் கொண்டுவந்த மனோஜ் பக்கத்திலேயே நின்றவர், "மாஸ்டர்ஜி, லைட்டு... வேற லைட்டு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "நீ மெஷினைப் போய்ப் பாருல, எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்" என்று கத்திவிட்டுத் தலையாட்டினேன். அவர் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். துணி காய்ந்து வந்து கடை வெளிச்சத்தில் விரித்தபோது முழு லாட்டும் செம்மண் நிறம் அடித்துக் கிடந்தது. திருப்பூரில் தப்பிப்போன எந்த நிறத்துக்கும் கடைசி அடைக்கலம் கறுப்பு. அத்தனை துணியையும் மறுபடி மெஷினில் ஏற்றிக் கறுப்பாக்கி வேறு ஆர்டருக்கு அனுப்பினார்கள். மனோஜ்தான் ஏற்றினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "ஒடம்பு முக்கியமுங்க மாஸ்டர். ஒரு மாசம் ஊட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க. லேப் சாவிய மட்டும் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க" என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராயரைக் காலி செய்து, கவர்களையெல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு மாசம் லீவு என்று எஸ்தரிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "சாவிய வாங்கிட்டாவளா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். "ஒங்கள லேப் வேலைய விட்டு எடுத்திருக்காவ. அதுகூடத் தெரியாம டீயும் குடிச்சிட்டு வந்திருக்கிய" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கண்ணைத் திருப்பூர் இனி நம்பாது என்று தெரிந்துபோயிற்று. பயந்துபோனேன்.

அந்தப் பையை ஒதுங்க வைக்கிறேன் என்று எடுத்தவள் கையில்தான் மாத்திரைக் கவர் கிடைத்தது. துணித்துண்டு என்று நினைத்துத் தட்டியிருக்கிறாள். தரையெங்கும் வெள்ளை வெள்ளையாக உருண்டன. கவரின் மேல் என் கையெழுத்தில் தேதி. ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசினால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "ஒங்களுக்காவ வெள்ளிக்கிழம தோறும் நான் உபவாசம் இருந்தேன். நீங்க அத கவருல போட்டுத் தேதி எழுதி வச்சிருக்கிய" என்றாள். நானும் தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியில் போனதை எடுக்கக் குனிந்த சாக்கில் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டு டாக்டர்களிடமும் எஸ்தர்தான் அந்தக் கவரைக் கொண்டுபோய் வைத்தாள். டி.எஸ்.எச். முதலில் இருந்த இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. தைராய்டு டாக்டர் இந்த முறையும் இரண்டு நிமிடம்தான். "மாத்திரை போட்டதாலதான் நார்மல் வந்துச்சு. நேத்து சாப்பிட்ட சோறு இன்னைக்குப் பசிக்கு ஆகுமா?" என்றார். திருமுருகன்பூண்டியில் டாக்டரம்மா கவரைத் திறந்து பார்த்து, மூடி, மேசை மேல் வைத்தார்.  "ஏனுங்க, நான் சொன்ன விதந்தான் செரியில்லீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். காமாலை வைத்தியர் பாடையில் ஏற்றியபோதுகூட எனக்கு அப்படி உடம்பு கூசியதில்லை. இத்தனை வருடம் கழித்து எனக்குக் கொங்குநாட்டு ஏச்சு புரிந்தது. "அந்த டாக்டர் பாத்து, ரிப்போர்ட் எறங்கட்டுமுங்க. அதுக்கப்பறம் வாங்க, நம்ம மருந்து தர்றேனுங்க" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஆலைக்குப் போனால் என்னை ஸ்டோரில் போட்டார்கள், சாய டப்பாக்களை எடுத்துக் கொடுக்கிற வேலை. லேபில் வேறொரு ஆள் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதல் நாளே மனோஜிடம் போய், அன்று கத்தியது தப்பு என்றேன், வாயு இல்லை தைராய்டு என்றும் சொன்னேன். அவர், "மேரி பீவி கோ பி ஹை" என்றார், ஊரில் இருக்கும் தன் மனைவிக்கும் உண்டாம். பிறகு ரொம்பக் கவலையாக, பீகாரில் அவள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று போனில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லும் யோக்கியதையிலா இருந்தேன்? மூன்று மாதம் போனது. ஒருநாள் மேனேஜர் ஸ்டோருக்கு வந்து, "மாஸ்டர், சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று லேபுக்குக் கூட்டிப்போய் இரண்டு துண்டைக் கொடுத்தார். பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். "கடை லைட்டுல செவப்பு அடிக்குதுங்க. விடக் கூடாதுங்க" என்றேன். "அப்படீங்களா" என்று அவர் போய்விட்டார். மேசையில் சாவி இருந்தது. இந்தத் தடவை நான் எஸ்தரைக் கேட்காமலே அர்த்தம் புரிந்துகொண்டேன்.

இப்போது இரண்டு மருந்தும் நடக்கிறது, நடுவில் மூன்று மணி நேர இடைவெளியோடு. மாத்திரை தைராய்டைப் பார்த்துக்கொள்கிறது, கஷாயம் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது, இரண்டையும் எஸ்தர் பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை உள்ளே போனதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். அண்ணன் மனைவி, என் மைனி, ஆவி பறக்கக் கருப்பட்டிக் காப்பியோடு நின்றார். "ஒரு மணி நேரம் ஆகட்டுமுங்க மைனி" என்று வாயில் வந்துவிட்டது. மைனி முகம் வாடிப்போனது. "யாருட்டவே 'ங்க' போடுதீரு? அசலூர்க்காரிட்ட பேசுத மாதிரி" என்று டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கையோடு கொண்டுபோன வேதப்புத்தகத்தில் பக்க அடையாளத்துக்காக நான் இரண்டு துணித்துண்டு வைத்திருக்கிறேன், பையர் ஒப்புக்கொண்டது ஒன்று, நான் கெடுத்த லாட்டிலிருந்து வெட்டியது ஒன்று. தேரிப் பக்கமிருந்து முதல் வெயில் எட்டிப் பார்த்ததும் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் டியூப்லைட்டின் கீழே கொண்டுபோனேன். வேறு வேறு. "என்னலே, வாசலுக்கும் உள்ளுக்குமா அலையுத?" என்று அண்ணன் பாயில் படுத்தபடியே கேட்டான். நிலைவாசலில் நின்று, பாதி வெயிலும் பாதி விளக்குமாக, இன்னொரு தடவை பார்த்தேன். பதினெட்டு வருடத் தலை, ஆட்டத் தெரியாமல் அப்படியே நின்றது. கிணற்றுச் சுவரில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.